அப்பச்சிக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தாயிற்று, கம்ப்யூட்டரில் ரத்த ஓட்டம் பார்த்தால் ஸ்கேன் வேண்டாமா?

கானாடுகாத்தானில் இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வயது 74. வயிற்றில் பெருந்தமனி 6 செ.மீ. வரை வீங்கியிருந்ததால், இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோக வலையும் துணியும் சேர்ந்த குழாய்) வைத்திருக்கிறார்கள். முதல் வருட சிடி ஸ்கேன் நன்றாக இருந்தது. இந்த வருடம் எடுக்க வேண்டியது தள்ளிக்கொண்டே போகிறது, ஏனென்றால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.6, ஸ்கேனுக்குப் போடும் சாய மருந்து கிட்னியைக் கெடுக்குமோ என்று பயம், அலைச்சல் வேறு. காரைக்குடியில் மெக்கானிக்கல் படிக்கும் தம்பி மகன், "பழைய சிடியை வைத்தே கம்ப்யூட்டரில் ரத்த ஓட்டத்தை ஓட்டிப் பார்க்கலாம் அத்தை, நன்றாக இருந்தால் ஸ்கேன் எதற்கு" என்கிறாராம்.

ஆச்சி, ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். பையன் சொல்வது பொய்யில்லை, அப்படிச் செய்ய முடியும். ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு, உங்களுக்கு வேண்டிய கேள்வி வேறு.

சிடி படங்களில் இருந்து குழாயின் வடிவத்தை எடுத்து, அதைப் பல லட்சம் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ரத்தம் என்ன வேகத்தில், என்ன அழுத்தத்தில் போகிறது என்று கணக்குப் போடுவதுதான் இந்த முறை. இதயத்தில் இருந்து எவ்வளவு ரத்தம் வருகிறது, எந்தக் கிளைக்கு எவ்வளவு பிரிகிறது என்பதை நாம்தான் உள்ளே கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் அப்பச்சியிடம் அளந்ததாக இருக்காது, பொதுவான சராசரியாகத்தான் இருக்கும். குழாய்ச் சுவர் அசையாது என்றும் பல சமயம் வைத்துக்கொள்வார்கள். அதற்காக இது வீண் வேலை என்று சொல்லவில்லை. இதய ரத்தக்குழாய் அடைப்பு எவ்வளவு தடுக்கிறது என்று சிடியில் இருந்தே கணக்கிடும் ஒரு முறைக்கு அமெரிக்காவில் 2014லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஸ்டென்ட் கிராஃப்ட் வடிவமைப்பவர்களுக்கும் இது நல்ல கருவி.

நமக்கு வேண்டிய கேள்வி, கிராஃப்டுக்கு வெளியே இருக்கும் பழைய வீக்கம் சுருங்குகிறதா, பெருக்கிறதா என்பது. கண்மாய்க்கு வரும் பெரிய வாய்க்காலை அடைத்தாலும், சின்ன ஓடைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, முதுகுப் பக்கத்துச் சிறு தமனிகள் வழியாக ரத்தம் திரும்பி வந்து வீக்கத்துக்குள் இறங்கலாம். இதை எண்டோலீக் என்கிறோம், இந்த வகைதான் அதிகம், பல நேரம் தானே அடங்கியும் விடும். ஆனால் கிராஃப்டின் மேல்முனையோ கீழ்முனையோ சுவரோடு ஒட்டாமல் கசிந்தாலும், கிராஃப்டின் பாகங்கள் சேரும் இடத்தில் பிரிந்தாலும் உடனே சரிசெய்ய வேண்டும். தம்பி மகன் வரையும் மாதிரியில் கிராஃப்ட் கசியாத சுவர். கசிவை வரையாதபோது கம்ப்யூட்டர் அதை எப்படிக் காட்டும்? அதுவும் போன வருட உடம்பை வைத்து!

இன்னொன்று, கலர் படத்தில் சிவப்பாகத் தெரியும் இடத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பல படங்கள் காட்டுவது ரத்தம் சுவரை உரசும் விசை, அது சில பாஸ்கல்தான் (பாஸ்கல் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). ரத்த அழுத்தமோ சராசரி 100 மி.மீ. பாதரசம் என்றாலே 13,300 பாஸ்கல். கிராஃப்டை, அதுவும் வளைவில், இழுத்து நகர்த்தப் பார்ப்பது முக்கியமாக இந்த அழுத்தம்தான். ஆகவே பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் குறையட்டும், புகை இருந்தால் அடியோடு நிற்கட்டும்.

சரி, கிட்னி பயத்துக்கு என்ன செய்வது? உங்கள் பயம் நியாயமானது. வாஸ்குலர் டாக்டரிடம் கிரியேட்டினினைச் சொல்லி, "சாய மருந்து இல்லாத சிடியும், டாப்ளர் ஸ்கேனும் (ஒலி அலையால் ரத்த ஓட்டம் பார்ப்பது) போதுமா" என்று கேளுங்கள். முதல் வருடம் கசிவு இல்லாதவர்களுக்குப் பல இடங்களில் இப்படித்தான் பார்க்கிறார்கள். டாப்ளர் பார்ப்பவர் இதில் பழகியவராக இருக்க வேண்டும், வயிற்றில் காற்று அதிகம் இருந்தால் சரியாகத் தெரியாது, அதனால் வெறும் வயிற்றோடு போகச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் வீக்கத்தின் அதிகபட்ச அகலம் போன தடவையைவிட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் சும்மா விடக்கூடாது, அப்போது சாய மருந்தோடு சிடி தேவைப்படலாம், கிட்னி டாக்டரையும் கேட்டுக்கொண்டு செய்வார்கள்.

திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, மயக்கம், அல்லது ஒரு கால் மட்டும் சில்லிட்டு வலித்தால், நேரம் பார்க்காமல் வாஸ்குலர் சர்ஜரி வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பழைய சிடிக்களை எறிந்துவிடாதீர்கள், டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் ஆதாரம். தம்பி மகன் ஆர்வத்தையும் கெடுக்க வேண்டாம். புது ஸ்கேன் வந்ததும் ஒரு நகல் கொடுங்கள், இரண்டு வருடத்துக் கிராஃப்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வளைவு மாறியிருக்கிறதா, நழுவியிருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். ஏதாவது மாறினது போல் தோன்றினால் அந்தப் படத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள், நான் என்றால் சந்தோஷமாக உட்கார்ந்து பார்ப்பேன்.