நாயோடு நடக்க எந்தக் காலணி? – கேள்வி பதில்

கேள்வி: தெருமுனை வரைதான் போகிறேன். ரப்பர் செருப்பு போதாதா?

பதில்: போதாது. பூனையைக் கண்டதும் நாய் பக்கவாட்டில் இழுக்கும். அந்த நொடியில் செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். கணுக்கால் பிசகுவது அப்போதுதான். ஷூவோ பின்வார் வைத்த சாண்டலோ, குதிகாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஷூ என்றால், குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சட்டென்று அமுங்கினால் வேண்டாம். முன்னும் பின்னும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளையலாம், நடுவில் துணி மாதிரி திருகிக்கொள்ளக் கூடாது. சாயங்காலம் வாங்கப் போங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். அப்புறம், நாய்க் கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள்.

கேள்வி: ஓடுவதற்கு வாங்கிய ஷூ இருக்கிறதே?

பதில்: மெத்தென்று உயர்ந்த அடிப்பாகம் நேராக ஓடத்தான் வசதி, பக்கவாட்டில் இழுத்தால் ஆடும். சாதுவான நாய் என்றால் சரி.

கேள்வி: மழையில்?

பதில்: அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். நனைந்த ஷூவில் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். சூட்டில் வைத்தால் பசை விட்டுவிடும். காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்தப் புண் வழியாக உள்ளே போகும்.

கேள்வி: வெறுங்காலில் நடப்பதே ஆரோக்கியம் என்கிறார்களே?

பதில்: நாய்கள் மலம் கழிக்கும் மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கலாம். அவை தோலைத் துளைத்து நுழையும். சிவப்புக் கோடு நெளிந்து நெளிந்து நகரும், அரிப்பு தூங்கவிடாது.

கேள்வி: என் தாத்தா கடைசி வரை வெறுங்காலில்தான் நடந்தார். நாயும் அப்படித்தானே நடக்கிறது?

பதில்: தாத்தாவுக்கு ஒன்றும் ஆகாதது நல்லது. அதை வைத்து மற்றவர்களை வெறுங்காலில் அனுப்ப மாட்டேன். நாய்க்கும் கால் சுடும். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வையுங்கள். தாங்க முடியாவிட்டால் வெயில் தாழ்ந்தபின் கிளம்புங்கள், இருவருமே.

கேள்வி: வீட்டு வெறும் மண் தோட்டத்திலாவது?

பதில்: நாய் அங்கேயும்தானே கழிக்கிறது? காலணி போடுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயால் பாதம் மரத்திருக்கிறது.

பதில்: முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்த பிறகே போடுங்கள். சிறு கல் குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: பக்கத்துப் பூங்காவுக்குச் செருப்பு போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சின்ன நாய்தான், செருப்பு?

பதில்: அதே பதில். சின்ன நாய் காலுக்குள்ளேயே புகும். கயிற்றையும் கையில் சுற்றாதீர்கள்.

கேள்வி: ஷூ இடுக்கில் ஒட்டிய நாய்க்கழிவு போகவே மாட்டேன் என்கிறது.

பதில்: நன்றாகக் காயவிட்டுக் குச்சியால் நோண்டுங்கள், பிறகு பழைய பல் பிரஷும் சோப்புத் தண்ணீரும். அடுத்த ஜோடியில் பள்ளங்கள் அகலமாக இருக்கட்டும்.