தரையில் நகரும் வெயில்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்துகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. சென்ற ஆண்டு ஒரு கட்டுரையில் போகிற போக்கில், “எனக்கு மிகப் பிடித்த பருவம் இலையுதிர் காலம்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை.

எனக்கு இந்தப் பருவம் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. வேலை முடிந்து வெளியே வருவதற்குள் இருட்டிவிடுகிறது. போன மாதம் இதே நேரத்தில் வெயில் அடித்ததே, அதை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று தோன்றும். சின்னச் சின்ன சந்தோஷங்கள் என்று எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். மெழுகுவர்த்தி, கம்பளிப் போர்வை, கையில் சூடான கோப்பை. எல்லாம் செய்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது.

இன்னொன்று. என் ஆறு வயது மகள் தினமும் பை நிறைய இலைகளைப் பொறுக்கிக்கொண்டு வருகிறாள். இரண்டு நாளில் அவை சுருண்டு நிறம் மங்கிப் பொடியாகிவிடும். போன வாரம் அவளுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டேன். அழுது தீர்த்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். அது என்ன ஐயா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

வெயிலை யாரோ எடுத்துக்கொண்டு போனதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். அது வெறும் மனப்பிரமை இல்லை. பகல் ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் குறைவதும் கூடுவதும் கிடையாது. ஜூன் 21 வாக்கில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசம் சில நொடிகள்தான். செப்டம்பர் 22 அல்லது 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே போகும்போதுதான் பகல் மிக வேகமாகக் குறைகிறது. 50 டிகிரி வட அட்சரேகையில் ஒரு நாளைக்கு நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. ஒரு வாரத்தைக் கூட்டிப் பார்த்தால் 25 நிமிடத்துக்கு மேல். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் இது நாளைக்கு ஒரு நிமிடம்கூட வராது. அங்கே வளர்ந்தவர்களுக்கு இந்த வேகம் உடம்பிலேயே பழகியிருக்காது. (நீங்கள் வடகோளத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். தென்கோளம் என்றால் எல்லா மாதங்களையும் ஆறு தள்ளிக்கொள்ளுங்கள்.)

உங்களை அச்சுறுத்தும் இந்த வேகத்தால்தான் எனக்கு இந்தப் பருவம் பிடிக்கிறது. கோடை நின்ற இடத்தில் நிற்கும். நடுக்குளிர்காலமும் அப்படித்தான், வாரக்கணக்கில் ஒரே சாம்பல் நிறம். இலையுதிர் காலத்திலோ நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை வெறும் கண்ணால் பார்த்துவிடலாம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. கடைசி ஓராண்டு அவர் படுத்த படுக்கையாக இருந்தார். தெற்குப் பார்த்த சன்னல் உள்ள அறை. கட்டில் அதற்கு எதிர்ப்புறம் சுவரை ஒட்டிக் கிடந்தது. ஆகஸ்டில் நண்பகல் வெயில் சன்னலடியில் ஒன்றரை மீட்டருக்குள் விழுந்து நின்றுவிடும். அந்த வெயிலுக்கும் அம்மாவுக்கும் சம்பந்தமே இல்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அந்த வெயில் நம்ம பக்கம் வருதுடா, பாத்தியா?” என்றார். நான் பார்த்திருக்கவில்லை. மருந்து, துவைக்கிற துணி, தொலைபேசி என்று அந்த அறைக்குள் ஒரு நாளைக்கு இருபது முறை போய்வந்தவன் நான். அவர் சொன்னாரே என்பதற்காக, வெயில் முடிகிற இடத்தில் சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதினேன். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குப் பார்த்தபோது வெயில் கோட்டைத் தாண்டி ஒரு சாண் வந்திருந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் எங்களுக்கு அதுதான் வேலை. நான் கோடு போடுவேன், அம்மா தலையணையில் சாய்ந்தபடி மேற்பார்வை பார்ப்பார். “இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு, அது நிழல்” என்று திருத்துவார். வாரம் ஆக ஆகக் கோடுகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதன் விளைவு இது. 50 டிகிரி அட்சரேகையில் ஜூன் நண்பகல் சூரியன் 63 டிகிரி உயரத்தில் இருக்கும், செப்டம்பரில் 40, டிசம்பரில் 17. சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் என்றால் வெயில் ஜூனில் அறைக்குள் 1 மீட்டர் வரும். செப்டம்பரில் 2.4 மீட்டர், டிசம்பரில் ஆறரை மீட்டருக்கு மேல். அதாவது பகல் சுருங்கச் சுருங்க, வெயில் வீட்டுக்குள்ளே நீண்டுகொண்டு வருகிறது. கோடையெல்லாம் வெளிச்சமே படாத மூலைக்கு அது வந்து சேர்வது இந்தப் பருவத்தில்தான்.

அக்டோபர் இரண்டாவது வாரம் வெயில் கட்டில் காலைத் தொட்டது. அங்கிருந்து மெல்ல மேலே ஏறி, மாதக் கடைசியில் போர்வைக்கு வந்தது. அம்மா கையை வெளியே எடுத்து வெயிலில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கோடைக்கு அவர் இல்லை. அந்த வீட்டைக் காலி செய்யும்போது சாக்கட்டிக் கோடுகளைத் துடைக்க வெகுநேரம் பிடித்தது எனக்கு.

அம்மாவின் வலி அந்த வெயிலால் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. குறையவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் மதியத்துக்காக அவர் காத்திருந்தார். வெள்ளிக்கிழமையே, “இந்த வாரம் எங்க வரைக்கும் வரும்னு நினைக்கிற?” என்று கேட்பார். சின்ன சந்தோஷம் என்று நான் சொன்னால் என் மனதில் இருப்பது இந்தக் கேள்விதான்.

மெழுகுவர்த்தியும் போர்வையும் உங்களுக்கு ஏன் அலுக்கின்றன என்பது எனக்கு ஓரளவு புரிகிறது. பருவத்தை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்வதற்காக அவற்றை வைத்துக்கொண்டால், உள்ளே பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அரைமணி நேரம் குளிரில் நடந்துவிட்டு, காது மடல் சில்லிட்டு, மூக்கு சிவந்து வீட்டுக்குள் வந்து அதே போர்வையைப் போர்த்திப் பாருங்கள். விரல்நுனிக்கு உணர்ச்சி திரும்பும்போது ஒரு குறுகுறுப்பு வருமே, அதற்காகவே நான் நடக்கப் போவதுண்டு.

நம் ஆறு பருவங்களில் இலை உதிர்வதை வைத்துப் பெயர் வாங்கிய பருவம் எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். கூதிர் என்றால் குளிர்காற்று. கூதல் காற்று என்று பேச்சில் இன்றைக்கும் சொல்கிறோம். தோலில் படுவதை வைத்து வந்த பெயர் அது. எனக்கு அந்தப் பெயர் மிகவும் நெருக்கமானது.

சரி, உங்கள் மகளின் இலைகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

மஞ்சள் இலையின் மஞ்சள் இப்போது புதிதாக வந்ததில்லை. கரோட்டினாய்டு என்னும் அந்த நிறமி கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்தது. பச்சையம் அதை மூடியிருந்தது, அவ்வளவுதான். பகல் குறைந்து குளிர் ஏறியதும் மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. மேல்மூடி போனதும் மஞ்சள் தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமியைப் பெரும்பாலான மரங்கள் இந்த வாரங்களில்தான் புதிதாகத் தயாரிக்கின்றன. உதிரப்போகிற இலையில் இப்படிச் செலவு செய்து ஒரு நிறத்தை உண்டாக்குகிறதே மரம், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பகலில் நல்ல வெயில், இரவில் உறையும் நிலைக்குச் சற்று மேலான குளிர் என்று சில நாட்கள் தொடர்ந்து வந்தால் அந்தச் சிவப்பு இன்னும் ஏறும். அதனால்தான் ஒரே மரம் ஓர் ஆண்டு பற்றியெரிவதுபோல் இருக்கிறது, மறு ஆண்டு மங்கிக் கிடக்கிறது.

உதிர்வதும் காற்று பிடுங்கிப் போடுவதால் மட்டும் நடப்பதில்லை. இலைக்காம்பின் அடியில் மரமே ஒரு மெல்லிய பிரிவடுக்கை வளர்க்கிறது. அந்த இடத்துச் செல்களின் பிணைப்பு தளர்கிறது, கிளைப்பக்கம் தழும்பு மூடிக்கொள்கிறது. அதற்கப்புறம் லேசான காற்று போதும். சில நாட்களில் காற்றே இல்லாத விடியற்காலையில் இலைகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே இறங்குவதைப் பார்க்கலாம். கீழே விழுந்த இலைமேல் இன்னோர் இலை விழும் சத்தம்கூடக் கேட்கும்.

இனி உங்கள் மகளோடு செய்து பார்க்க ஒன்று. இன்னும் உதிராத ஓர் இலையின் காம்பு கிளையோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான மரங்களில் அங்கே ஒரு சிறிய மொட்டு இருக்கும், சிலவற்றில் அரிசிமணி அளவு, சிலவற்றில் அதைவிடச் சிறிது. அடுத்த இளவேனிலின் தளிர் அதற்குள்தான் சுருண்டிருக்கிறது. கோடையிலேயே மரம் அதை உருவாக்கி முடித்துவிட்டது. என் ஐம்பது வயது வரைக்கும் தளிர்கள் இளவேனிலில்தான் உருவாகின்றன என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மொட்டை முதல் முறையாக அக்டோபரில் விரலால் தொட்டுப் பார்த்த அன்று, வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்தது நினைவிருக்கிறது.

இருட்டைப் பற்றி. அதிலும் பார்க்கவும் கேட்கவும் இருக்கிறது. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். செப்டம்பரில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாளை ஒட்டி வரும் முழுநிலவின்போது, வடக்கின் நடு அட்சரேகைகளில் அந்தத் தாமதம் 25, 30 நிமிடமாகக் குறைந்துவிடுகிறது. அதனால் மூன்று நாலு மாலைகள் தொடர்ந்து, இருட்டத் தொடங்கும் நேரத்தை ஒட்டியே பெரிய நிலா வந்து நிற்கும். வேலை முடிந்து நீங்கள் வெளியே வரும் நேரத்துக்கு அது கிழக்கே இருக்கும். பறவைகளும் உண்டு. சிறிய வலசைப் பறவைகள் பல இரவில்தான் பறக்கின்றன. அமைதியான இரவில் சன்னலைத் திறந்து வைத்தால் மேலே அவற்றின் மெல்லிய கூப்பிடும் குரல் கேட்கலாம். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்ததை அதன்மேல் பொருத்திய செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது.

ஒரு விஷயத்தை மட்டும் கவலையோடு கேட்கிறேன். வயிற்றைப் பிசைவது சில நாட்களில் போய்விடுகிறதா, அல்லது வாரக்கணக்கில் தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் கெடுக்கிறதா? இரண்டாவது என்றால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். பருவத்தோடு வந்து போகும் மனச்சோர்வு என்று ஒன்று உண்டு. 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் அதை விவரித்து எழுதினார்கள். காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தின் முன் உட்காரும் சிகிச்சை முதற்கொண்டு வழிகள் இருக்கின்றன. என் அம்மாவின் வெயில் அதற்கு மாற்று ஆகாது. அந்த அளவுக்கு இல்லையென்றாலும் காலையில் கொஞ்ச நேரம் வெளியே நடங்கள். விளக்கு போட்ட அறைக்குள் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே அது சில ஆயிரம்.

இலைகளைப் பாதுகாக்க வழி எளிது. நீர் வற்றுவதால்தான் அவை சுருள்கின்றன. விழுந்த அன்றே, ஈரத்தைத் துடைத்து, இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வையுங்கள். முதல் சில நாட்கள் தாளை மாற்றினால் பூஞ்சை வராது. ஒரு வாரம், பத்து நாளில் தட்டையாகக் காய்ந்துவிடும். அப்புறம் வெயில் படாத இடத்தில் வைத்தால் நிறம் நெடுநாள் நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் அவள் கையாலேயே தேதி எழுதச் சொல்லுங்கள். பை நிறைய வேண்டாம், ஒரு மரத்திலிருந்து நாளுக்கு ஓர் இலை போதும். மாதக் கடைசியில் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, நான் தரையில் போட்ட கோடுகள் அவள் வீட்டில் வேறு நிறத்தில் இருக்கும்.

கொட்டிவிட்டதை நினைத்து மிகவும் வருந்தாதீர்கள். அவளிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடுங்கள், ஆறு வயதுக்கு அது புரியும். பிறகு அவளுக்குப் பிடித்த மரம் எது என்று கேட்டு, நாளைக்கு வேலை முடிந்து வந்ததும் இருவருமாகப் போய் அதன் கிளையில் அந்த மொட்டைத் தேடுங்கள். மறக்காமல் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள், அந்த நேரத்துக்கு நன்றாக இருட்டியிருக்கும்.

அன்புடன்