ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா ஓட்டுரிமை போயிடுமா?

மதுரைப் பக்கம் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. தம்பி அடிதடி கேஸ்ல 3 வருஷ தண்டனையை முடிச்சுட்டு வந்துட்டாராம், வாக்காளர் லிஸ்ட்ல பேரு இல்லையாம், தண்டனை வாங்குனவனுக்கு ஓட்டு கிடையாதுன்னு ஏரியாவுல சொல்றாங்களாம். தம்பியோட ஃப்ரெண்டு ஒருத்தர் இன்னும் ரிமாண்ட்ல இருக்காராம், அவருக்கு என்னன்னும் கேக்குறாங்க.

அக்கா, தம்பி தாராளமா ஓட்டு போடலாம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோட 62(5) பிரிவு தடுக்கிறது ஜெயிலுக்கு உள்ள இருக்கிறவங்களைத்தான், தண்டனை முடிஞ்சு வெளிய வந்தா அந்தத் தடை அவ்வளவுதான். 2 வருஷம், அதுக்கு மேல தண்டனை வாங்குனா ரிலீஸுக்கு அப்புறம் 6 வருஷம் எலெக்‌ஷன்ல நிக்க முடியாதுன்னு ஒரு ரூல் இருக்கு, அது வேட்பாளருக்கு, அதைத்தான் ஊர்ல போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஓட்டுக்குப் பணம் கொடுத்தது, கள்ள ஓட்டு போட்டது மாதிரி கேஸ்ல தண்டனை ஆனா மட்டும் 6 வருஷம் ஓட்டும் போயிடும், தம்பி கேஸ் அது இல்லையே.

பேரு எப்படிப் போச்சுன்னா, செக் பண்ண வந்தப்ப ஆள் வீட்ல இல்லன்னு எடுத்திருக்கலாம். பேரு சேர்க்கிறதுக்கான ஃபார்ம் 6 போடுங்க, வயசுக்கும் அட்ரஸுக்கும் ப்ரூஃப், கூடவே ஒரு ஃபோட்டோ வேணும், சந்தேகம்னா 1950-ங்கிற வாக்காளர் ஹெல்ப்லைன் நம்பருக்கு போன் பண்ணுங்க. ஜெயில் கேஸுன்னு சொல்லி ரிஜெக்ட் பண்ணா ஆர்டரை எழுத்துல வாங்கிட்டு 15 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட அப்பீல் போடுங்க, வாயால சொன்னதைக் கேட்டுட்டு மட்டும் திரும்பி வந்துடாதீங்க.

அந்த ஃப்ரெண்டு ரிமாண்ட்ல உள்ள இருக்கிற வரைக்கும் ஓட்டு போட முடியாது, அந்த விஷயம்தான் எனக்கு மனசே ஆறல. நம்ம நாட்டு ஜெயில்ல முக்கால்வாசிப் பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிங்க, கொலை கேஸ்ல ஜாமீன்ல வந்தவர் ஓட்டு போடலாம், ஜாமீனுக்கு ஆள் இல்லாத செல்போன் திருட்டு கேஸ் பையன் போட முடியாது. 2024-ல காஷ்மீர் அரசியல்வாதி இன்ஜினியர் ரஷீத் டெல்லி திகார் ஜெயில்ல விசாரணைக் கைதியா இருந்துக்கிட்டே பாரமுல்லால ஜெயிச்சு எம்.பி. ஆனார், ஆனா அந்த எலெக்‌ஷன்ல அவரால ஓட்டு போட முடியல! போலீஸ் பத்தாது, செக்யூரிட்டி கஷ்டம்னு 1997-ல சுப்ரீம் கோர்ட் இந்தத் தடையை ஏத்துக்குச்சு, ஆனா குண்டாஸ் மாதிரி தடுப்புக் காவல்ல உள்ள இருக்கிறவங்களுக்கு தபால் ஓட்டு சட்டத்துலயே இருக்கு, அதே கவரை ரிமாண்ட் கைதிக்கும் கொடுக்கிறதுல என்ன கஷ்டம்னு எனக்குப் புரியல. தண்டனைக் கைதிக்கும் ஓட்டு வேணும்ங்கிறது என் கருத்து, குறைஞ்சபட்சம் குத்தம் நிரூபணம் ஆகாதவனுக்காவது கொடுத்தே ஆகணும்.

உள்ள இருக்கிறதால மட்டும் அந்த ஃப்ரெண்டு பேரை லிஸ்ட்ல இருந்து எடுக்கக் கூடாது, அதே 62(5)-ல 2013-ல வந்த திருத்தம் அதைத் தெளிவா சொல்லுது. அதனால அவர் பேரும் இருக்கான்னு இப்பவே பாத்து வைங்க, ஓட்டுப்பதிவுக்கு முன்னாடி ஜாமீன் கிடைச்சா நேரா பூத்துக்கே போய் போடலாம்.