நஞ்சுக்கொடி ஆராய்ச்சி சோறு போடுமா?

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு,

நீட் மார்க்குக்குச் சீட்டு வராது என்றானதும் மகள் விலங்கியல் கேட்கிறாள், கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயின் ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடிக்கு என்ன செய்கின்றன என்று ஆராயப் போகிறாளாம், டாக்டராகாமல் இது நடக்குமா, நடந்தாலும் சோறு போடுமா என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்கும். சோறும் போடும், கொஞ்சம் தாமதமாக.

பொண்ணு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று முதலில் பாருங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் அவளைப் பெற்றதாகச் சொல்கிறீர்கள். பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று புரட்டிப் பார்த்திருப்பார்கள். அரை கிலோ இருக்கும் அந்த உறுப்பில் பாதி மரபணு தகப்பனுடையது. தாயின் உடம்புக்கு அந்நியமான அதை அவளுடைய வெள்ளையணுக்கள் விட்டுவைப்பதே ஆச்சரியம். விட்டுவைப்பது மட்டுமல்ல, உதவியும் செய்கின்றன. முதல் மூன்று மாதம் கருப்பையின் உட்படலத்தில் இருக்கும் வெள்ளையணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இயற்கைக் கொல்லி அணுக்கள். ரத்தத்தில் வைரஸ் தாக்கிய அணுக்களைத் தீர்த்துக்கட்டும் இந்த வகை, இங்கே நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகளின் சுவரைத் தளர்த்தி அகலப்படுத்த உதவுகிறது.

சிவப்பணுக்கள் கதை வேறு. முதல் பத்து வாரம் போல தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதில்லை. கருவின் பக்கத்து அணுக்களே தமனி வாயை அடைத்துக்கொள்கின்றன. கசிந்து வரும் நீரும் கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பும்தான் ஆகாரம். அந்தப் பருவத்தில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதே பிஞ்சு அணுக்களுக்குப் பாதுகாப்பு. 10 முதல் 12 வாரத்துக்குள் அடைப்பு விலகி ரத்தம் பாய்கிறது. தமனி சரியாக அகலாமல் போனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு தாய்க்கு பிரஷர் ஏறலாம், குழந்தையின் எடையும் குறையலாம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு நஞ்சுக்கொடியும் கருப்பை உட்படலமும் சேரும் இந்த இடத்திலிருந்து சுமார் 70,000 அணுக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணு இயங்குகிறது என்று படித்தது. அந்த மாதிரி வேலைக்கு எம்.பி.பி.எஸ். கட்டாயம் இல்லை. உயிரியலோடு புள்ளியியலும் கம்ப்யூட்டரும் தெரிய வேண்டும்.

வழி இதுதான். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். அரசுக் கல்லூரி, ஃபீஸ் பயமில்லை. அப்புறம் எம்.எஸ்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மருத்துவ அடிப்படை அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரும் அந்தப் பல்கலையின் துணைவேந்தருமாக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியாரின் பெயரில் உள்ளது. பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் போய்விடலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி வாங்கிவிட்டால் பிஎச்.டி. படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆக, அடுத்த ஐந்து வருஷம்தான் வீட்டுக் கை கடிக்கும். மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதுதானே உங்கள் பயம்? எம்.எஸ்சி.யிலேயே ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியைக் கையாளக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அணுக்களை வரிசையாக லேசர் முன்னால் ஓட விட்டு, எது எந்த வகை என்று எண்ணும் கருவி அது. கொல்லி அணுக்களை எண்ண உதவும் அதே கருவியில்தான் பெரிய ஆஸ்பத்திரிகள் ரத்தப் புற்றுநோயை வகை பிரிக்கின்றன. வெறும் டிகிரியை விட இந்தக் கைப்பழக்கம் லேபில் செல்லும் என்பது என் எண்ணம். சீக்கிரம் சம்பளம் வந்தே ஆக வேண்டிய நிலை என்றால் ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே லேப் டெக்னீஷியன் படிப்பான பி.எஸ்சி. எம்.எல்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் கௌரவமான வேலைதான், ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது சுற்றுவழி.

கடன் வாங்கி மறுபடி நீட் கோச்சிங்கில் மட்டும் போடாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதற்கான படிப்புச் சான்றை ஹெட்மிஸ்டிரஸிடம் இந்த வாரமே கேட்டு வாங்கி வையுங்கள்.