வாரம் ஒரு ஆட்டம், பக்கத்தில் ஒரு மலை: கொரியாவில் விடுமுறை நாட்கள்

கேள்வி: தென்கொரியாவின் டேஜான் நகரில் ஆய்வாளராகச் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. கல்லூரியில் வாலிபால் ஆடியவன். இங்கே வந்ததிலிருந்து சனி, ஞாயிறு இரண்டும் அறையிலேயே கழிகின்றன. எப்போதாவது நண்பர்களோடு சியோலுக்குப் போய்வந்தால் செலவும் களைப்பும்தான் மிச்சம். கொரிய மொழி தெரியாது. சைவம்; குடிப்பழக்கமும் இல்லை. வரும் வசந்தகாலத்தில் மனைவியும் நான்கு வயது மகளும் வருகிறார்கள். விளையாட்டு, ஊர் சுற்றல் இரண்டையும் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

சில மாதங்களுக்குச் சியோலை ஒதுக்கி வையுங்கள். அது நல்ல நகரம்தான். கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் புதிதாகத் திட்டம் போட்டு, துணைக்கு ஆள் சேர்த்து, டிக்கெட் எடுத்துக் கிளம்ப வேண்டுமென்றால் இரண்டாவது மாதமே மனம் சலித்துவிடும். பிறகு அறைதான் கதி. உங்களுக்கு இப்போது வேண்டியது வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே ஆட்களோடு ஆடும் ஓர் ஆட்டம். அது வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் வராவிட்டால் “ஏன் வரவில்லை?” என்று கேட்க அங்கே யாராவது இருக்க வேண்டும். இது அமைந்துவிட்டால் மலையும் கடலும் தாமாகவே பின்னால் வரும், ஏனென்றால் அழைத்துப்போக ஆட்கள் கிடைத்திருப்பார்கள்.

இதற்குக் கொரியாவைப் போல வசதியான நாடு குறைவு. இங்கே விளையாட்டு என்பது பெரும்பாலும் ‘தொங்ஹோஹே’ எனப்படும் குழுக்களின் வழியாகவே நடக்கிறது. ஒரே ஈடுபாடு உள்ளவர்கள் மாதச் சந்தா கட்டிச் சேரும் சங்கம் அது. பாட்மிண்டன், மேசைப்பந்து, ஓட்டம், மலையேற்றம் என எல்லாவற்றுக்கும் உண்டு. மாலையில் பள்ளிகளின் உள்ளரங்குகளையும் நகராட்சி விளையாட்டு மையங்களையும் இவர்கள்தான் நிறைத்திருக்கிறார்கள்.

நீங்கள் வாலிபால் ஆடியவர் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள பொழுதுபோக்குக் குழுக்கள் பல ஒன்பது பேர் ஆட்டம் ஆடுகின்றன. அதில் இடம் மாறிச் சுழல்வது கிடையாது. முன்வரிசை ஆட்டக்காரர் கடைசி வரை முன்வரிசையில்தான். ஆறு பேர் ஆட்டத்தில் பழகியவருக்கு முதலில் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்று தேர்ச்சி பெறுவதில் தனி நுணுக்கம் இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களும் இதில் அசாத்தியமாக ஆடுவார்கள்.

அருகில் வாலிபால் குழு அமையவில்லையென்றால் தயங்காமல் பாட்மிண்டனுக்குப் போங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆன் சே-யங் தங்கம் வென்ற நாடு இது. பாட்மிண்டன் குழு இல்லாத பேட்டையைக் காண்பது அரிது. குழுக்களில் ஆட்டக்காரர்களை ஏ, பி, சி, டி எனவும் அதற்குக் கீழே தொடக்க நிலை எனவும் தரம் பிரிப்பார்கள். ஊரில் நன்றாக ஆடியவராக இருந்தாலும் கீழ்த்தரத்தில் சேர்த்தால் முகம் சுளிக்காதீர்கள். அங்கிருந்து மேலே வருவதைத்தான் அவர்கள் மதிக்கிறார்கள். உள்ளரங்குக்கென்று தனியாக ஒரு ஜோடி காலணி கட்டாயம் வேண்டும். தெருவில் போட்டு நடந்த காலணியோடு மரத்தளத்தில் கால் வைத்தால் முதல் நாளிலேயே கெட்ட பெயர். சேரும்போது இறகுப் பந்துச் செலவு சந்தாவில் அடங்குமா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவைக் கண்டுபிடிக்க மிகச் சிறந்த வழி, உங்கள் ஆய்வகத்தில் உள்ள கொரிய நண்பர் ஒருவரை அருகிலுள்ள விளையாட்டு மையத்துக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு செய்யச் சொல்வது. செயலிகளில் தேடுவதானால் டாங்குன், சோமொயிம் இரண்டும் உதவும். டாங்குன் பழைய பொருள் வாங்கி விற்கும் செயலி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பேட்டைக் குழுக்களும் அதில் கூடுகின்றன. மட்டை, மலைக் காலணி, குழந்தைக்கு மிதிவண்டி எல்லாம் பாதி விலைக்கு அங்கேயே கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இங்குள்ள செயலிகள் பலவும் கைப்பேசி எண்ணை வைத்து நீங்கள் யாரென்று சரிபார்க்கும். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. தந்தை பெயர் முன்னே ஓரிடத்தில், பின்னே ஓரிடத்தில் என்று பதிவாகியிருக்கும். சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். வெளிநாட்டவர் அட்டையில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்தும் இடைவெளியும் உட்பட அப்படியே கைப்பேசி நிறுவனத்திலும் வங்கியிலும் இருக்க வேண்டும். வேறுபட்டால் சரிபார்ப்பு தோற்றுக்கொண்டே இருக்கும். விளையாட்டு டிக்கெட்டும் எடுக்க முடியாது. ஒரு மதிய வேளையை ஒதுக்கி, அட்டையை எடுத்துக்கொண்டு கைப்பேசிக் கடைக்கு நேரில் போய் இதைச் சரிசெய்யுங்கள். நண்பர் பெயரில் வாங்கிய சிம் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

குழுவில் சேர்ந்த சில வாரங்களில் ஆட்டம் முடிந்ததும் சாப்பிட அழைப்பார்கள். அங்கே இறைச்சி வேகும், மது ஊற்றுவார்கள். சைவமும் மதுவிலக்கும் உள்ளவர்கள் இந்த இடத்தில் கூச்சப்பட்டு விலகிவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். விலகாதீர்கள். குடிப்பதில்லை என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டு, ‘சைடர்’ என்று கேளுங்கள். இங்கே அது எலுமிச்சைச் சுவையுள்ள சாதாரண சோடா. பெரியவர் ஊற்றினால் இரு கைகளாலும் குவளையைப் பிடித்து வாங்குங்கள். மற்றவர்களோடு சேர்ந்து குவளையை உயர்த்தினால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து வந்தாலும் தவறில்லை. உறவு உருவாவது அந்த அரை மணியில்தான்.

கிரிக்கெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது உங்களை இழுப்பார்கள். 2014 ஆசிய விளையாட்டுக்காக, சியோலுக்கு அருகிலுள்ள இஞ்சியோனில் யோன்ஹீ கிரிக்கெட் மைதானத்தைக் கட்டினார்கள். அந்தப் போட்டியில் ஆண்கள் தங்கத்தை இலங்கை வென்றது. டேஜானிலிருந்து அங்கே போய்வர ஒரு முழு நாள் பிடிக்கும் என்பதால் வாராந்தர ஆட்டத்துக்கு அது ஒத்துவராது.

இனி ஊர் சுற்றல். கொரிய நிலப்பரப்பில் பெரும்பகுதி மலை. டேஜான்காரருக்கு வாய்த்த மலை கெரியோங்சான் தேசியப் பூங்கா. 107ஆம் எண் நகரப் பேருந்து தொங்ஹாக்சா பௌத்தக் கோயில் அடிவாரம் வரை போகிறது. உச்சியான 845 மீட்டர் சிகரத்துக்குப் பொதுமக்கள் போக முடியாது. நடப்பவர்களின் இலக்கு 766 மீட்டர் உயரமுள்ள குவானும்போங். தொங்ஹாக்சாவில் தொடங்கி, அண்ணன் தங்கை கோபுரங்கள் என்று அழைக்கப்படும் இரட்டைக் கற்கோபுரங்கள் வரை ஏறி, மறுபக்கம் காப்சா கோயிலில் இறங்குவது அருமையான பாதை. காப்சாவிலிருந்து திரும்பப் பேருந்துகள் குறைவு என்பதால் நேரத்தை நேவர் மேப்பிலோ காகாவ் மேப்பிலோ முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ப ஏறுங்கள். தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் 2007இலேயே நீக்கப்பட்டுவிட்டது. 2023 மே முதல் பெரும்பாலான கோயில்களின் பார்வைக் கட்டணமும் போய்விட்டது. ஆக, பேருந்துச் செலவு மட்டுமே.

விதிகளை இங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். பூங்காவுக்குள் நுழையப் பருவத்துக்குப் பருவம் நேர வரம்பு உண்டு. காட்டுத்தீ அபாயம் உள்ள காலங்களில், அதாவது குளிர்காலத்தின் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரையிலும், பிறகு நவம்பர் நடுவிலிருந்து சில வாரங்களும், பல பாதைகளை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தைப் பாருங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை மழைக்காலம். அப்போது மலையை விட்டுவிட்டு உள்ளரங்கில் ஆடுங்கள்.

மனைவியும் குழந்தையும் வந்தபின் முதலில் அழைத்துப்போக வேண்டிய இடம் கெஜோக்சான். 429 மீட்டர் உயரமுள்ள சிறிய மலை. அதைச் சுற்றி 14.5 கிலோமீட்டருக்குச் செம்மண் பாதை போட்டிருக்கிறார்கள். வெறுங்காலோடு நடப்பதற்கென்றே அமைத்தது. உள்ளூர் மதுபான நிறுவனம் ஒன்று 2006 முதல் மண் கொட்டிப் பராமரித்து வருகிறது. முழுதும் நடக்கத் தேவையில்லை. நிழலான காட்டுக்குள் சிறுமி நடக்கும் தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். கால் கழுவக் குழாய்கள் உண்டு. மே தொடங்கி அக்டோபர் வரை நல்ல காலம். அங்கிருந்து வரும்போது டேஜானின் யூசோங் பகுதியில் இறங்கினால், திறந்தவெளியில் இலவச வெந்நீர்க் கால் குளியல் இருக்கிறது. உள்ளூர்ப் பாட்டிமாருடன் வரிசையாக உட்கார்ந்து கால் நனைக்கலாம். வசந்தகாலத்தில் சில நாட்கள் நுண்தூசி கடுமையாக இருக்கும். அப்படிப்பட்ட நாளில் குழந்தையை வெளியே நடக்கவிடாமல் தேசிய அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போங்கள்.

மிதிவண்டி ஓட்டுவீர்களா? டேஜானின் ‘தாஷு’ பொது மிதிவண்டிக்கு முதல் ஒரு மணி நேரம் இலவசம். காப்சோன் ஆற்றோரம் மேடு பள்ளமில்லாத தனிப் பாதை. பழகியபின் சொந்த வண்டி வாங்கினால், தேச்சோங் அணையிலிருந்து கடல்முகம் வரை 146 கிலோமீட்டர் ஓடும் கும்காங் ஆற்றுப் பாதை உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஆங்காங்கே சிவப்புத் தொலைபேசிக் கூண்டு போன்ற சாவடிகள். உள்ளே முத்திரை இருக்கும், கையேட்டில் குத்திக்கொண்டே போகலாம். வழியில் வரும் கோங்ஜு, புயோ இரண்டும் பழைய பெக்ஜே அரசின் தலைநகரங்கள். அங்குள்ள சின்னங்கள் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஒரே மூச்சில் முடிக்க முயலாமல் மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரித்து ஓட்டுங்கள்.

ஆடுவது போலவே பார்ப்பதும் சுகம். வாலிபால்காரரான உங்களுக்கு டேஜான் ஒரு வரம். சுங்மு உள்ளரங்கம்தான் ஆண்கள் அணியான சாம்சங் புளூஃபாங்ஸுக்கும் பெண்கள் அணியான ரெட் ஸ்பார்க்ஸுக்கும் சொந்தக் களம். அக்டோபரிலிருந்து வசந்தம் வரை, வெளியே பனி கொட்டும் மாதங்களில், உள்ளே ஆட்டம் நடக்கிறது. இந்தோனேசிய வீராங்கனை மெகவதி ரெட் ஸ்பார்க்ஸில் ஆடியபோது அவருக்காக அவர் நாட்டுத் தொழிலாளர்கள் திரண்டு வந்தார்கள். வெளிநாட்டவர் கூடி உட்கார்ந்து கத்தினால் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

கோடையில் பேஸ்பால். பத்து அணிகள், அணிக்கு 144 ஆட்டங்கள், திங்கள்கிழமை ஓய்வு. டேஜானின் ஹன்வா ஈகிள்ஸ் அணிக்கு 2025இல் புது மைதானம் திறந்தபின் வார இறுதி டிக்கெட்டுகள் விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடுகின்றன. எனவே செவ்வாய், புதன் மாலை ஆட்டங்களுக்கு முயலுங்கள். விதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பாட்டு, அதற்கொரு கையசைவு. இரண்டாவது சுற்றிலேயே உங்கள் மகள் கற்றுக்கொண்டுவிடுவாள். தகரக் கேனும் கண்ணாடிப் புட்டியும் தவிர வெளி உணவைக் கொண்டுபோகத் தடையில்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாம். கால்பந்து பிடிக்குமென்றால், 2002 உலகக் கோப்பையில் கொரியா இத்தாலியைக் கோல்டன் கோலில் வீழ்த்திய அதே மைதானம் உங்கள் மெட்ரோ பாதையிலேயே இருக்கிறது. இன்று ஹானா சிட்டிசன் அணி அங்கே ஆடுகிறது.

வெளியே போகும் நாட்களில் சாப்பாட்டைப் பற்றி: கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) கடையில் ஹாம், நண்டுக் குச்சி, மீன் அப்பம் மூன்றையும் நீக்கச் சொல்ல வேண்டும். “பெ ஜுசேயோ” என்றால் ‘நீக்கிவிடுங்கள்’ என்று பொருள். பொருளின் பெயரை முன்னால் சேர்த்துச் சொல்லுங்கள். கிம்சியில் (காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய்) பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும்; சூப்பின் அடிநீர் நெத்திலியாக இருக்கும். கோயில் அடிவாரக் கடைகளில் கிடைக்கும் மலைக்கீரை பிபிம்பாப் (கீரை, காய்கறி கலந்த சோறு) நல்ல தேர்வு. சிவப்பு மிளகாய் விழுதில் மாட்டிறைச்சி கலந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கவலையே இல்லாமல் சாப்பிட வேண்டுமானால் கோயிலில் ஓரிரவு தங்குங்கள். கோயில் உணவில் இறைச்சி மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை.

தொலைதூரப் பயணத்துக்கு ரயில் முன்பதிவு ஒரு மாதம் முன்னால் திறக்கும். சந்திரப் புத்தாண்டு, சுசோக் எனும் அறுவடைத் திருநாள் ஆகிய நாட்களில் நாடே நகரும் என்பதால் அப்போது ஊருக்குள்ளேயே இருங்கள். வழி, பேருந்து பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் சுற்றுலா உதவி எண்ணான 1330ஐ அழைத்து ஆங்கிலத்திலேயே கேட்கலாம், எந்த நேரமானாலும். டிசம்பர் முதல் மார்ச் வரை மலையேறுவதானால் காலணியில் மாட்டும் பனிமுள் இல்லாமல் போகாதீர்கள். அடிபட்டால் அவசர உதவி எண் 119. மலைப்பாதை நெடுகிலும் எண் பொறித்த கம்பங்கள் நட்டிருப்பார்கள். கடந்துபோகும்போதே அந்த எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்த எண்ணைச் சொன்னால் மீட்புக் குழுவினர் உங்களைத் தேடி வந்துவிடுவார்கள்.