மேனேஜர் மதிக்கவில்லை என்றால் எம்பிஏவா?

அண்ணா, போன வாரம் நீங்களும் அக்காவும் உங்கள் மகள் பாப்பாவோடு வந்து, அவளை எம்பிஏவில் சேர்க்கலாமா என்று கேட்டுப் போனதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் பாப்பா மூன்றரை வருடமாக எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறாள். அவள் கண்டுபிடித்துச் சொல்வதையெல்லாம் மேனேஜர் தன் யோசனையாக முதலாளியிடம் சொல்லிவிடுகிறார். மீட்டிங்குக்குக் கூப்பிடுவதே இல்லை. வீட்டுக்கு வந்து அழுகிறாள். பெற்ற மனசுக்குத் தாங்காதுதான்.

ஆனால் அதற்கு உங்கள் மச்சான் சொல்லும் எம்பிஏவை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 15 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்து வருடம் கட்டினால் மாதம் கிட்டத்தட்ட 19,800 ரூபாய். இரண்டு வருடச் சம்பளமும் போகும். என் முன்னால் உட்கார்ந்து பாப்பா இருபது நிமிடம் பேசியது மில்லுக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேன் இழுக்கும் கரண்டைப் பற்றி. எம்பிஏ என்று ஒருமுறைகூட அவள் வாயில் வரவில்லை. மச்சானுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவளுக்கு ஏற்ற வழி எரிசக்தி மேலாளர், எரிசக்தி தணிக்கையாளர் தேர்வு. ஆலையில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் வேலை இது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், பீஇஇ, நடத்துவது. ஃபேனிலும் ஃபிரிட்ஜிலும் ஸ்டார் ஒட்டுகிறார்களே, அதே அலுவலகம்தான். பிஇ முடித்து மூன்று வருட அனுபவம் போதும், பாப்பாவுக்கு இருக்கிறது. மேலாளருக்கு மூன்று தாள்: பொது, வெப்பம், மின்சாரம். தணிக்கையாளருக்கு நான்காவதாக ஒன்று, அதைப் புத்தகம் வைத்தே எழுதலாம். வேலையை விட வேண்டாம், கடனும் வேண்டாம்.

மரியாதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, அதிகம் எரிசக்தி செலவழிக்கும் ஆலைகள் இந்தத் தகுதி உள்ள ஒருவரை எரிசக்தி மேலாளராக வைத்தே ஆக வேண்டும். ஜவுளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பாப்பாவின் மில் அந்தச் சட்டத்துக்குள் வராத அளவுக்குச் சின்னதாக இருந்தாலும், இந்தத் தகுதியைக் கேட்கும் பெரிய மில்கள் நம் பக்கமே உண்டு. பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளும் தைரியம் வரும்.

தேர்வு வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். மில் நிற்கும் நாளில், மெஷின்களுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, எத்தனை நிமிடம் லோடில், அதாவது காற்றை அழுத்திக்கொண்டு ஓடுகிறது, எத்தனை நிமிடம் அன்லோடில், அதாவது அழுத்தாமல் சும்மா ஓடுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். காற்று எடுக்கும் மெஷின் ஒன்றுமே ஓடாதபோது லோடு ஏறினால் அத்தனையும் கசிவு. பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் லோடு என்றால், கம்ப்ரசர் முழுத் திறனில் தரக்கூடிய காற்றில் 30 சதவீதம் கசிவிலேயே போகிறது. அதை யூனிட்டாக்கி, ரூபாயாக்கி, ஒரே பக்கத்தில் தேதி போட்டு மேனேஜருக்கு மெயில் அனுப்பட்டும். வாயால் சொன்னதைத்தான் அவர் தன்னுடையதாக்கிக்கொள்கிறார். அவள் பெயரும் தேதியும் இருக்கும் மெயிலை அப்படிச் செய்வது கஷ்டம். மாதம் ஒன்று, ஆறு மாதம். கோபமாக ஒரு வரிகூட வேண்டாம், கணக்கு மட்டும் போதும். ஆறு மெயிலுக்கும் பதில் இல்லையென்றால், அதே ஆறு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் நேரம் கேட்கலாம்.

பேங்கில் கடன் விண்ணப்பத்தை இப்போது கொடுக்காதீர்கள் அண்ணா. அடுத்த முறை பாப்பாவை மட்டும் அனுப்புங்கள், கம்ப்ரசர் கணக்கோடு வரட்டும்.