செவுளில் தட்டைப்புழு எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் மீன்குளம் வைத்திருப்பவரின் கேள்வி: ஓயாமல் நீர் ஓடும் செவுளில் இந்தப் புழு எப்படி நழுவாமல் இருக்கிறது?

கொக்கிதான். கெண்டை இன மீன்களில் வரும் டாக்டைலோகைரஸ் என்ற தட்டைப்புழு, பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. உடலின் பின்முனைத் தட்டில் ஒரு ஜோடி பெரிய கொக்கி, ஓரத்தில் 14 குட்டிக் கொக்கிகள். பெரியவை செவுள் இழைக்குள் குத்தி இறங்கும். சிறியவை மேல்தோலைக் கவ்வும். இடம் மாற வேண்டுமா? தலைப்பக்கம் பசை சுரந்து ஒட்டிக்கொண்டு, பின்பக்கத்தை விடுவித்து இழுத்துக்கொள்ளும். ரப்பர் காட்டு அட்டை நடையேதான்!

காயம்பட்ட செவுள் சளியைக் கொட்டும். மீனுக்கு மூச்சு முட்டும். அப்புறம், முட்டைகளிடம் மருந்து அவ்வளவாகப் பலிக்காது. பொரிந்தபின் மறுபடி போட வேண்டும்.